துணை வேணுமா, கை வேணுமா

என் தங்கை யாரைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பாள். "சோறு துன்னியா?" காலையில் தெருக் கூட்ட வருகிறவளையும் கேட்பாள், பொழுது சாய்ந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற வாத்தியாரையும் கேட்பாள். "ஆச்சும்மா" என்று பதில் வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. பதில் சொல்லாமல் போனால் விடமாட்டாள், கூடவே நடந்து போய்க் கேட்பாள்.

சங்கராபுரம் சந்தைக்கு மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கொண்டுவரும் பெண்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். வறுத்த புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்து அவளுக்கென்று எடுத்து வருவார்கள். "இன்னும் துன்னலம்மா, ஒன்னப் பாத்துட்டுத் துன்னலாம்னுதான் எறங்கி வந்தோம்" என்று விளையாட்டுக்குச் சொல்வார்கள். அவள் அதை நிசம் என்று நம்பி, என் கையிலிருக்கும் தூக்குச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்துவிடுவாள். அன்றைக்கு மத்தியானம் எங்களுக்கு மலைக்காரர்கள் கொடுத்த சாமைச் சோறு. எங்கள் கூழ் அவர்களுக்கு.

எனக்கு அப்படிப் பேச வராது. கடையில் நின்று ஒரு சாமான் கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் கூட இருந்தால் கடைக்காரர் அவளோடு பேச ஆரம்பித்துவிடுவார். நடுவில் நான் விரலால் காட்டினால் போதும், சாமான் வந்துவிடும். வெகுளியான தங்கையை நான் இட்டுக்கொண்டு போகிறேன் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். நான் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சின்னவள் அவள். நடக்கவும் பேசவும் ரொம்ப நாளாயிற்று. மூளை வளர்ச்சி என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் மலையடிவாரத்துக்கு வரவில்லை. "அது வெகுளிப் புள்ள" என்பார்கள், அத்தோடு சரி. நைனா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டியை ஓட்டினார். அம்மா கரும்புக் கொல்லையில் களை வெட்டப் போவாள். நான் ஐந்தாவதோடு நின்றேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் அடுத்த ஊரில் இருந்தது. "அவ்ளோ தூரம் ஒண்டியா அனுப்ப மாட்டேன்" என்றாள் அம்மா. ஒண்டியாகப் போவது என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவு பயம். தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் பெண்கள் ஒண்டியாகச் செய்கிற காரியம் என்று எதுவும் கிடையாது. இருட்டும் நேரம் ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கப் போவது ஒரு கூட்டமாகத்தான். அந்தக் கூட்டத்தைச் சேர்ப்பது என் தங்கையின் வேலை. வாசல் வாசலாக நின்று, "வர்றியா? வர்றியா?" என்று கூப்பிடுவாள்.

"வந்துட்டாடி கூட்டக்காரி! ஒலையில அரிசி போட்டுட்டு வரேன், இருடி" என்பார்கள்.

"அரிசி அப்பறம் போடு. வா."

அவள் முன்னால் போக, பின்னால் நாங்கள் வரிசையாகப் போவோம். தெருவில் நடந்த சண்டை சச்சரவெல்லாம் அந்த வரப்பில்தான் பேசித் தீரும். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வரும். மேலே எங்கேயோ காட்டுத் தீ ஒரு கோடு மாதிரி எரியும். அவள் அதைப் பார்த்து, "மலையில வெளக்கு வெச்சிட்டாங்க, போலாம்" என்பாள். உடனே எல்லாரும் எழுந்துவிடுவோம்.

குளிப்பதும் அப்படித்தான். கரண்டு வந்ததும் பம்புசெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். துணி மூட்டையோடு ஓடுவோம். குழாய்க்கு நேர் கீழே உட்கார அவளுக்குத்தான் உரிமை. தன் துணியைத் தானே கல்லில் அடித்துத் துவைப்பாள். கை ஓயாவிட்டால் பக்கத்தில் இருப்பவள் துணியையும் எடுத்து அடிப்பாள். "ஏ, கிழிச்சிடாதடி, இருக்கறதே அது ஒண்ணுதான்" என்று கத்துவார்கள், சிரிப்பார்கள். இப்போது அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

சோறும் சேர்ந்துதான். "ஒண்டியா துன்னா ஒடம்புல ஒட்டாது" என்பாள் அம்மா. எதிரில் யாராவது சோற்றோடு உட்காராமல் தங்கை தட்டில் கை வைக்கமாட்டாள். அம்மா செத்த பிறகு அந்த எதிர் ஆள் நான்தான்.

நைனா முன்பே போய்விட்டார். அம்மாவும் போனதும், அதே தெருவில் நான் வாக்கப்பட்ட வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லவில்லை. "ஒருத்தி பேச மாட்டா, ஒருத்தி நிறுத்த மாட்டா. ரெண்டையும் சேத்தா ஒரு பொண்டாட்டி அளவு பேச்சு வருது, தேவல" என்று சிரிப்பார். அவர் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், "துன்னியா?" என்பாள். "நீ சொன்னாத்தான் துன்னணும்" என்பார். என் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவள்தான்.

வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். மகளை நைனார்பாளையத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கரும்புக்குக் காய்ந்த சோகை உரிக்கப் போன இடத்தில் ஒரு நாள் எனக்கு நெஞ்சை அடைத்தது. வரப்பில் விழுந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூக்கில் குழாய். நான் சாப்பிடவில்லை, அதனால் அவளும் சாப்பிடவில்லை. நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஒரு இட்லியை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாப்பிட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு அவள் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். எனக்கு அப்புறம் இவளுக்கு எதிரில் யார் உட்காருவார்கள்? அது தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

மகள் வந்து, "நான் பாத்துக்கறேம்மா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அவள் வீட்டில் ஒரே அறை. மாமியார், கொழுந்தன், இரண்டு பிள்ளைகள். அவள் கையிலேயே ஒன்றும் இல்லை.

என் ஓரகத்திதான் ஒரு விடுதியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது, கலெக்டரையும் நிற்கவைத்துப் பேசுவாள். திருக்கோவிலூர் போகும் வழியில் இந்த மாதிரிப் பெண்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருப்பதாகப் பால்வாடி டீச்சர் சொல்லியிருக்கிறார். டீச்சரே போன் போட்டு விதிகளைக் கேட்டுச் சொன்னார். அப்போது எங்களுக்கு விழுப்புரம் மாவட்டம், அந்த மாவட்டத்து ஆளாக இருக்க வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கார்டு வேண்டும். வலிப்பு இருக்கக் கூடாது, மற்றவர்களை அடிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னாடி இது ஞாயம்?" என்றாள் ஓரகத்தி. "டாக்டராண்ட போயி இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லணும். விடுதியாண்ட போயி எல்லாம் தெரியும்னு சொல்லணும். பொண்ணு பாக்க வர்றவனாண்ட பொய் சொல்றதே தேவல போல."

டாக்டர்கள் உட்கார்ந்து கார்டுக்குப் பார்க்கும் நாளில் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். ஓரகத்தி பஸ்ஸில் வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். "அங்க போயி வாய மூடிக்கினு இருக்கணும், இன்னா? கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"சரி. நீ சோறு துன்னியா?"

"இத்த டாக்டராண்ட கேக்காதடி, எம் புள்ள!"

உள்ளே போனதும் அதைத்தான் கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே அவ்வளவு கூட்டம், அவருக்கு முகமெல்லாம் களைப்பு. "இன்னும் இல்லம்மா" என்றார். "மணி இன்னா ஆவுது, எழுந்து போயி துன்னு" என்றாள் இவள். ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டு விரல்களைக் காட்டி எத்தனை என்றார். "நாலு." இன்னொரு கையைக் காட்டினார். "நாலு." கிழமை கேட்டார். "நாலு" என்றாள், ரொம்ப உறுதியாக. கார்டு கிடைத்துவிட்டது.

"பொய் சொல்லத் தெரியாதவளுக்குச் சாமியே தொண" என்றாள் ஓரகத்தி, வெளியே வந்து மூச்சுவிட்டு.

விடுதிக்குப் போன அன்று ஓரகத்தியால் வர முடியவில்லை, பேத்திக்குக் காது குத்து. நாங்கள் இருவர் மட்டும் போனோம். சுற்றிலும் வேப்பமரம், நடுவில் ஓட்டுக் கட்டிடம், துணி காயும் கொடி. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள், என் மகள் வயது இருக்கும், வெளியூர்ப் பேச்சு. காகிதங்களைப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

"தனியா சாப்பிடுவாங்களாம்மா?"

"மாட்டாங்க."

"தனியா குளிப்பாங்களா?"

"இல்லீங்க."

"பாத்ரூமுக்குத் தனியா போவாங்களா?"

எனக்குப் பதறிவிட்டது. "ஐயையோ, நான் தனியா வுட்டதே இல்லீங்க."

"துணி மாத்தறது?"

"நான் பக்கத்துலயே நிப்பேங்க."

ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. தாயில்லாப் பிள்ளையை ஒரு நாளும் ஒண்டியாக விடாமல் வளர்த்திருக்கிறேன், இவர்கள் கேட்கும்போது ஒரு குறை சொல்ல இடமில்லை என்று.

அந்தப் பெண் பேனாவை மூடினாள். முகம் வாடியிருந்தது. "மன்னிச்சிக்குங்கம்மா. எல்லாத்துக்கும் ஆள் வேணும்னா எங்களால எடுத்துக்க முடியாது. இங்க பாத்துக்கறவங்க ரொம்ப கம்மி. தானே செஞ்சிக்கறவங்களைத்தான் சேத்துக்கணும்னு விதி."

"சரிங்க" என்றேன். கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.

மத்தியானப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "வந்தவங்க சாப்பிடாம போகக் கூடாது" என்று அந்தப் பெண்ணே எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே பாய் விரித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிழவிகளும் இருந்தார்கள், பாவாடை கட்டியவர்களும் இருந்தார்கள். ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒருத்தி தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தங்கை நேராக அந்தச் சுவரைப் பார்க்கிறவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். "துன்னியா?" பதில் இல்லை. "நான் துன்றேன், நீயும் துன்னு" என்று சொல்லிவிட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து உருட்டி வாயில் போட்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. அவள் கை நிற்காமல் போவதைப் பார்த்து எதிரில் இருந்தவளின் கையும் மெல்லத் தட்டுக்கு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் என் தங்கை தன் தட்டைக் கழுவினாள், எதிரில் இருந்தவள் தட்டையும் வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். புடவை நனைந்துவிட்டது என்று தூக்கிச் செருகிக்கொண்டாள்.

வாசலில் வயதான ஓர் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடுதியை நடத்துகிறவர் அவர்தான். "யாரு இவங்க, புதுசா?" என்றார்.

"சேக்க வந்தாங்க மேடம். ஊட்டி விடணும், குளிப்பாட்டணும்னு சொன்னாங்க, அதனால முடியாதுன்னுட்டேன்" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே கவிழ்த்து வைத்த தட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். "எங்கக்கா பேசாது" என்றாள் என் தங்கை, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.

அந்த அம்மா சிரித்துவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் அவருக்கு. "யம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ரோசிச்சிச் சொல்லுங்க. ஒங்க தங்கச்சிக்குத் துணை வேணுமா, கை வேணுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, முன்னால் அந்தப் பெண் 'தனியா' என்று கேட்டது ஒண்டியாகவா என்று இல்லை, தானாகவா என்று.

"துணை போதுங்க" என்றேன். "கை வேணாங்க. அவளே குளிப்பா, அவளே துவைப்பா, அவளே கட்டிக்குவா. ஒண்டியா இருக்கமாட்டா, அவ்ளோதாங்க. எங்க ஊருல யாருமே ஒண்டியா ஒண்ணும் செய்ய மாட்டோங்க." அதோடு நிற்கவில்லை. ஏரிக்கரைக்குக் கூட்டம் சேர்ப்பதைச் சொன்னேன், பம்புசெட்டைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். என் குரல் அந்தக் கூடத்தில் எதிரொலித்ததை நானே கேட்டேன்.

அந்த இளம்பெண் மறுபடி காகிதத்தை எடுத்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். நடுவில் நிமிர்ந்து, "அம்மா, நீங்க தனியா சாப்பிடுவீங்களா?" என்றாள்.

"இல்லீங்க."

"அப்ப உங்களச் சேத்துக்க முடியாது" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் இன்னும் ஒரு விதி இருந்தது. முதல் ஒரு மாதம் பார்ப்பதற்காகத்தான். அதுவரை வீட்டார் வரக் கூடாது. ஒத்துப்போகாவிட்டால் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஒத்துப்போனால் நான் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு அவள் அங்கேயே இருக்கலாம், எனக்கு அப்புறமும்.

அன்றைக்கே அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அந்த மாதம் வீடு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பொழுது சாயும்போது தெருப் பெண்கள், "கூட்டக்காரி இல்லாம யாரு எப்பப் போறாங்கன்னே தெரியல" என்றார்கள். ஓரகத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்காருவாள். "துன்னுடி. ஒந் தங்கச்சி இருந்தா இந்நேரம் என்ன வெரட்டிக்கினு இருப்பா." தங்கை விட்டுப் போன பாவாடை, புடவை எல்லாவற்றையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். திருப்பி அனுப்பினால் கட்டிக்கொள்ள வேண்டுமே. திருப்பி அனுப்பட்டும் என்று சில நாள் வேண்டிக்கொண்டேன். அனுப்பிவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். ஒரே சாமியிடம்தான், சாமி என்ன செய்யும்?

மாதம் முடிந்து போனபோது அவள் ஓடி வருவாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். கொடியில் துணி உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "யக்கா, வா, வா" என்றாள். ஆனால் கையிலிருந்த புடவையை முழுக்கப் போட்டுவிட்டுத்தான் வந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் கட்டிலைக் காட்டினாள், தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள், சுவரைப் பார்க்கிறவளைக் காட்டினாள். அவள் இப்போது இவளைப் பார்க்கிறாள். எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, விருந்துக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கையெழுத்துக்குக் காகிதத்தை எடுத்து வைத்தார். எனக்கு மனசு வரவில்லை. "அடுத்த மாசம் வந்து போடறேங்க" என்றேன். "சரிம்மா, அவசரம் இல்ல" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

கிளம்பினேன். தங்கை என்னோடு வேப்பமரங்களைத் தாண்டி நடந்து வந்தாள். பையை அவளே தூக்கிக்கொண்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்று பையை என்னிடம் நீட்டினாள்.

"பஸ் வரைக்கும் வாயேன்" என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கேட்டைக் காட்டி, பெரிய மனுஷி மாதிரி, "இதுக்கு மேல நாங்க வரக்கூடாது" என்றாள்.

நாங்க. பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்டதெல்லாம் 'நாம'தான். நாம போலாம், நாம துன்னலாம், நம்ம வூடு. என்னை வெளியே நிறுத்தி அவள் 'நாங்க' என்று சொன்னது அதுதான் முதல். அவளுக்குப் பின்னால் கொடிப் பக்கத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, நான் போகக் காத்திருந்தாள்.

நான் பையை அங்கேயே வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குத் திரும்பி நடந்தேன். அந்த அம்மா காகிதத்தை எடுத்துப் பேனாவையும் கொடுத்தார். ஐந்தாவது வரை படித்த கையெழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் முழுப் பெயரையும் எழுதினேன்.